நம்மை அளக்க எந்த அளவுகோல்? டைரி, கேள்வித்தாள், ஐந்து பேர், கணிப்பு நோட்டு: ஓர் ஒப்பீடு

தன்னைப் பற்றி நிறைய யோசிக்கிறவருக்குத் தன்னைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். 2002-ல் ஆஸ்திரேலிய உளவியலாளர் ஆன்டனி கிராண்டும் இரண்டு சகாக்களும் இதைச் சோதிக்க ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். மொத்தம் 20 வாக்கியங்கள். அவற்றில் 12, ஒருவர் தன்னைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறார் என்று பார்ப்பவை. மீதி 8, அவருக்குத் தன் மனநிலை எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்று பார்ப்பவை. டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் முதல் பகுதியில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டாவது பகுதியில், டைரியே எழுதாதவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள்.

யோசிப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது. டைரி எழுதுவதால் குழப்பம் வருகிறதா, குழப்பத்தில் இருப்பவர்கள்தான் டைரியை எடுக்கிறார்களா என்பதை இந்த ஒரு முடிவிலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் 'தினமும் எழுதுகிறேன், அதனால் எனக்கு என்னைத் தெரியும்' என்ற வாதம் செல்லாது என்பது மட்டும் உறுதி.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எதை அளக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும். 2010-ல் சிமின் வசீர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வரைபடம். ஒருவரைப் பற்றி அவரே சொன்னது, நண்பர்கள் சொன்னது, முன்பின் தெரியாதவர்கள் சொன்னது என மூன்றையும் எடுத்து, நேரில் அளந்த நடத்தையோடும் தேர்வுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். பதற்றம், தன்மதிப்பு போன்று வெளியே தெரியாத விஷயங்களில் அவரவர் சொன்னதே சரியாக இருந்தது. அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் போன்று கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் நண்பர்கள் சொன்னது சரியாக இருந்தது. கலகலப்பு, வாயாடித்தனம் மாதிரி எல்லோர் கண்ணிலும் படுகிற குணங்களை யாரைக் கேட்டாலும் ஓரளவு சரியாகவே சொன்னார்கள்.

ஆக, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. துணிக்கடை முழக்கோலை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போன கதையாகிவிடும்.

டைரி: எழுதுவதில் தப்பில்லை, 'ஏன்' என்று கேட்பதில்தான் தப்பு

பெரும்பாலானோர் டைரியில் எழுதுவது காரணங்களை. ஏன் கோபப்பட்டேன், ஏன் தள்ளிப்போட்டேன், ஏன் அவரிடம் அப்படிப் பேசினேன். சிக்கலே அங்கேதான். 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர். நான்குக்கும் இம்மியும் வித்தியாசம் கிடையாது. காரணம் கேட்டபோது, ஒருவர்கூட வைத்திருந்த இடத்தைச் சொல்லவில்லை. 'வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ?' என்று நேராகவே கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மனசு ஒரு காரணத்தைத் தயார் செய்து கொடுத்துவிடும். அது உண்மையான காரணமா என்று சரிபார்க்க உள்ளே வழி கிடையாது. டைரியில் இரவு பத்து மணிக்கு 'ஏன்' என்று கேட்டாலும் இதேதான் நடக்கிறது.

ஒரே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம். முதல் விதம்:

'இன்னிக்கு மறுபடியும் கத்திட்டேன். எனக்கு ஏன் பொறுமையே இல்ல? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். அப்பா மாதிரி.'

இரண்டாவது விதம்:

'செவ்வாய், காலை 11.40. ரிப்போர்ட்டுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகும்னு சொன்னாங்க. கேட்டவுடனே தாடை இறுகிடுச்சு. "இதையே எத்தனை தடவை சொல்வீங்க"ன்னு குரல் ஏறிச்சு. காலையில சாப்பிடல. புதன்கிழமை தந்துடறேன்னு மேலதிகாரிகிட்ட திங்கட்கிழமை சொல்லியிருந்தேன். டீமை அப்போ கேட்கல.'

முதல் பதிவு தீர்ப்பு. அதை வைத்து எதையும் செய்ய முடியாது. இரண்டாவது சாட்சியம். இதே மாதிரி இருபது பதிவுகள் சேர்ந்தபின் வரிசையாகப் படித்தால், குரல் ஏறிய நாட்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் 'மேலே வாக்கு கொடுத்தேன், கீழே கேட்கவில்லை' என்ற ஒரு வரி உட்கார்ந்திருக்கலாம். அப்படி இருந்தால், சரிசெய்ய வேண்டியது கோபத்தை அல்ல.

டைரியை அளவுகோலாகப் பயன்படுத்த விரும்பினால் ஒரு பதிவுக்குப் பத்து நிமிடம் போதும். நேரம், இடம், பேசிய வார்த்தைகள், உடம்பில் தெரிந்தது, அடுத்து செய்தது ஆகியவற்றை எழுதுங்கள். 'ஏன்' வேண்டாம். நான்கு வாரம் முடியும்வரை பழைய பக்கங்களைப் புரட்டாதீர்கள். புரட்டினால் நேற்றைய முடிவுக்குத் தோதாக இன்றைய பதிவு வளைந்துவிடும். நான்கு வாரம் கழித்து ஒரே மூச்சில் படித்து, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள்.

கெட்டுப்போவது இரண்டு வழிகளில். ஒன்று, மோசமான நாட்களில் மட்டும் எழுதுவது. அப்படிச் சேர்ந்த நோட்டைப் படித்தால் யாருமே நொந்துபோவார்கள். போனில் அலாரம் வைத்து, நல்ல நாளோ கெட்ட நாளோ, அடித்த நேரத்தில் அந்த நிமிடத்து நிலையை எழுதுவதே இதற்கு மருந்து. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வீதம் ஒரு வாரம் செய்தால்கூட, இரவு ஞாபகத்திலிருந்து எழுதுவதைவிட நம்பகமான படம் கிடைக்கும்.

இன்னொன்று, அரைத்த மாவையே அரைப்பது. ஒரே வாக்கியம் மூன்றாவது தடவை வந்தால் பேனாவை மூடிவிட வேண்டும். அல்லது 'நான்' என்பதை எடுத்துவிட்டு, உங்கள் பெயரைப் போட்டு, வேறு யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல எழுதிப் பாருங்கள். ஈதன் கிராஸ் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகளில் இந்தச் சின்ன மாற்றமே பதற்றத்தைக் குறைத்து யோசனையைத் தெளிவாக்கியிருக்கிறது. செய்யும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கேள்வித்தாள்: மலிவு, வேகம், ஆனால் சாட்சி அதே ஆள்

கேள்வித்தாளின் பெரிய வசதி, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது. பெரிய குறையும் எளிதில் புரியும். 'எனக்கு என் உணர்ச்சிகள் தெளிவாகப் புரிகின்றன' என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் போடுகிறவர், புரிகிறதா இல்லையா என்று நாம் சந்தேகப்படும் அதே ஆள்தான்.

தரமான கேள்வித்தாள்களுக்கும் இணையத்தில் சுற்றும் 'நீங்கள் எந்த வகை ஆளுமை?' ரகங்களுக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவருக்கென்று தயாரித்ததுபோல ஓர் அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் கேட்டார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. பெரும்பகுதி பேப்பர் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வகை பிரிக்கும் சோதனை எதையாவது எழுதுங்கள். உங்கள் வகைக்கான விளக்கத்தைப் படிப்பதற்கு முன்னால், வேறு இரண்டு வகைகளின் விளக்கங்களைத் தலைப்பை மறைத்துப் படியுங்கள். அவையும் 'அட, நான்தான்' என்று தோன்றினால் அந்தச் சோதனையை மூடி வைத்துவிடலாம். வகை பிரிப்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 100-க்கு 49 வாங்கியவர் ஒரு வகை, 51 வாங்கியவர் நேர் எதிர் வகை என்று கோடு போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் இரண்டு மதிப்பெண் ஏறினால் ஆளே மாறிவிட்டது மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு குணத்துக்கும் தொடர்ச்சியான மதிப்பெண் தரும் 'ஐந்து பெரும் குணங்கள்' (Big Five) என்ற சோதனைகளில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வித்தாளை ஒழுங்காகப் பயன்படுத்த ஒரே வழி, இரண்டு பிரதி எடுப்பதுதான். ஒன்றை நீங்கள் நிரப்புங்கள். இன்னொன்றை உங்களோடு தினமும் பழகும் ஒருவர், உங்களைப் பற்றி நிரப்பட்டும். இரண்டும் 2 புள்ளிகளுக்கு மேல் விலகும் கேள்விகளைப் பட்டியலிடுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட அந்தப் பட்டியலுக்குத்தான் மதிப்பு. நீங்களே கூட்டும்போது, 'இல்லை', 'அரிதாக' என்று எதிர்மறையாக எழுதப்பட்ட வாக்கியங்களைத் திருப்பிப் போட்டுக் கூட்ட வேண்டும். 6 புள்ளி அளவில் 2 போட்டிருந்தால் அது 5. இதை மறந்தால் மொத்தமும் தப்பாகிவிடும்.

பிறரிடம் கேட்பது: கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது

இந்த ஒப்பீட்டில் அதிகப் பலன் தரக்கூடியதும், மிக எளிதாகச் சொதப்பக்கூடியதும் இதுதான்.

பிரபலமான வடிவம் ஜோஹாரி சாளரம். 1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்கம் இருவரும் உருவாக்கியது. இருவர் பெயரின் முன்பகுதியையும் ஒட்டி வைத்த பெயர். 56 பெயரடைகளின் பட்டியலிலிருந்து உங்களுக்குப் பொருந்தும் ஐந்து அல்லது ஆறை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைத் தெரிந்தவர்களும் உங்களுக்காக அதே எண்ணிக்கையில் தேர்ந்தெடுப்பார்கள். இருவரும் சொன்னவை திறந்த கட்டத்தில், அவர்கள் மட்டும் சொன்னவை உங்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் விழும். விளையாட்டாகச் செய்ய நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் இனிப்பான வார்த்தைகள். உங்கள் குறை அதில் அகப்படாது.

அலுவலகங்களில் மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் ஒருவரைப் பற்றிக் கருத்துக் கேட்கும் 360 டிகிரி ஃபீட்பேக் என்று நடப்பது இதன் பெரிய அண்ணன். பெயர் தெரியாமல் பதில் சொல்லலாம் என்பது அதன் பலம். ஆனால் ஒரு குழுவில் பதில் சொல்பவர்கள் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் பெயர் மறைப்பது வெறும் சடங்கு. எழுத்து நடையை வைத்தே யார் என்று தெரிந்துவிடும். கருத்துச் சொன்னாலே முன்னேற்றம் வரும் என்பதும் உத்தரவாதமில்லை. 1996-ல் க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சந்தர்ப்பங்களில், கருத்துக் கேட்டபின் வேலை முன்பைவிட மோசமானது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதற்குத் தாவும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் ஆளைப் பற்றிக் கேட்காமல், நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் 'என்கிட்ட என்ன குறை, சும்மா சொல்லுங்க' என்று கேட்டால், 'சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. வயதிலோ பதவியிலோ மேலே இருப்பவரைக் குறை சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கும் இடத்தில், கேள்வியே பதிலை அடைத்துவிடுகிறது. 'நேத்து மீட்டிங்ல நான் பேசினதுல, எந்த இடத்துல நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். குறை இருக்கிறதா என்ற கேள்வியே இதில் இல்லை. எங்கே என்பது மட்டும்தான். பதில் சொல்பவர் ஆளைத் தொடாமல் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். வீட்டில் என்றால், 'நான் பேசறப்போ நீங்க சொல்ல வந்ததைச் சொல்லாம விட்டது கடைசியா எப்போ?' என்பது போல ஒரு குறிப்பிட்ட தருணத்தைக் கேளுங்கள். 'நான் நல்லா கேட்டுக்கறேனா?' என்று வீட்டில் கேட்டால் சிரிப்புதான் பதிலாக வரும்.

ஐந்து பேர் போதும்: மேலே ஒருவர், சமநிலையில் இரண்டு பேர், கீழே ஒருவர், வீட்டில் ஒருவர். இவர்களில் ஒருவராவது உங்களை அவ்வளவாகப் பிடிக்காதவராக இருக்கட்டும். இடித்துரைப்பவர் இல்லாத பட்டியல் வாழ்த்து மடல் மாதிரிதான் இருக்கும். தனித்தனியாக, தனியிடத்தில், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் கொடுக்கக் கூடாது. 'குறிச்சுக்கறேன், நன்றி' என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'இல்ல, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா' என்று ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் அந்த ஆள் அடுத்த தடவை உண்மை சொல்ல மாட்டார்.

ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய கருத்து. வீட்டில் இருப்பவர் சொல்வதில் பழைய கணக்கும் சேர்ந்திருக்கலாம். தனித்தனியே கேட்ட மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அது தகவல்.

பெரும்பாலோர் விட்டுவிடுகிற ஒரு படி உண்டு. கேட்பதற்கு முந்தின நாள், ஐந்து பேரும் என்ன சொல்வார்கள் என்று நீங்களே எழுதி ஒரு கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டபின் கவரைப் பிரித்துப் பாருங்கள். ஐந்தில் எத்தனை பொருந்தின? உங்களுக்கு எத்தனை குறை இருக்கிறது என்பதை இது சொல்லாது. அடுத்தவர் கண்ணில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லும். நாம் அளக்க வந்ததும் அதைத்தானே.

கணிப்பு நோட்டு: உங்கள் அபிப்பிராயத்தையே கேட்காத கருவி

நான்கில் குறைவாகப் பேசப்படுவது இது. ஒன்றே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நடக்குமா நடக்காதா என்று மூன்றாவது மனிதர் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு கணிப்பு, எத்தனை சதவீதம் நிச்சயம், எந்தத் தேதியில் பார்ப்பது, கடைசியில் விளைவு. உதாரணமாக:

'வெள்ளி மாலை 6-க்குள் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவேன் – 90%.'
'இந்த வாரம் நான்கு நாளாவது நடக்கப் போவேன் – 80%.'
'ஞாயிறு அக்காவிடம் நிலத்து விஷயம் பேசும்போது குரல் உயர்த்த மாட்டேன் – 70%.'

முப்பது வரி சேர்ந்தபின் கணக்குப் பார்க்கலாம். 90% என்று எழுதிய வரிகளை மட்டும் எண்ணுங்கள். இருபது இருந்து, பதின்மூன்றுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்கள் '90' உண்மையில் 65.

இதற்கு ஒரே எண்ணாக மதிப்பெண் போடவும் வழி உண்டு. வானிலைக் கணிப்புகளைச் சரிபார்க்க க்ளென் பிரையர் 1950-ல் கொடுத்த முறை அது. சொன்ன சதவீதத்தைத் தசமமாக்கி, நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, வித்தியாசத்தின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். நடந்த ஒவ்வொன்றுக்கும் 0.01, பதின்மூன்றுக்கு 0.13. நடக்காத ஒவ்வொன்றுக்கும் 0.81, ஏழுக்கு 5.67. கூட்டினால் 5.80, இருபதால் வகுத்தால் 0.29. குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50% என்று எழுதியிருந்தால் 0.25 வந்திருக்கும். அதாவது, தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று ஒப்புக்கொள்பவரைவிட இவர் மோசமாகக் கணித்திருக்கிறார். அதே இருபதுக்கும் 65% என்று எழுதியிருந்தால் 0.2275. உழைப்பு கூடவில்லை, திறமை கூடவில்லை. தன்னைப் பற்றிய மதிப்பீடு மட்டும் சரியாகியிருக்கிறது.

இந்த விலகல் யாருக்கும் புதிதல்ல. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். தங்களுடைய மிக மோசமான கற்பனையையும் தாண்டிவிட்டார்கள். திறமை விஷயத்திலும் இப்படித்தான். 1999-ல் க்ரூகர், டன்னிங் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளில், கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் உண்மையில் நூறு பேரில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்தியிருப்போம் என்று நினைத்தார்கள். (இந்த இடைவெளியில் ஒரு பங்கு வெறும் புள்ளியியல் விளைவுதான் என்று பின்னால் வந்தவர்கள் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. அதனாலேயே, 'முட்டாளுக்குத் தான் முட்டாள் என்று தெரியாது' என்று இதை அடுத்தவர் தலையில் தூக்கிப் போடுபவர்களை நம்பாதீர்கள்.)

கணிப்பு நோட்டு பாழாகும் வழிகளும் இருக்கின்றன. 'இந்த மாதம் நிம்மதியா இருப்பேன்' என்பது கணிப்பு அல்ல. யாராலும் சரிபார்க்க முடியாது. 'நாளைக்குக் காபி குடிப்பேன் – 100%' மாதிரி வரிகளால் நோட்டை நிரப்பினால் மதிப்பெண் அழகாக வரும், பயன் வராது. பென்சிலில் எழுதக் கூடாது. முடிவு தெரிந்தபின் 90-ஐ 70 ஆக்கக் கை துறுதுறுக்கும். நோட்டில் எழுதிவிட்டோமே என்பதற்காகவே நடைப்பயிற்சிக்குப் போவதும் உண்டு. அளவுகோலாக அது குறைதான். ஆனாலும் யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

நோட்டுக்கு எட்டாத இடமும் உண்டு. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை குரல் உயர்ந்தது என்று காட்டும். அப்போது இருந்தது கோபமா, பயமா, அவமானமா என்பதற்கு மறுபடி டைரிதான்.

தியானத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அது பயிற்சி, அளவுகோல் அல்ல. கவனிக்கும் பழக்கத்தை வளர்க்கும். எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்க மேலே சொன்னவற்றில் ஒன்றுதான் வேண்டும். பேச்சைப் பதிவு செய்து கேட்பது கொஞ்சம் நல்ல போட்டியாளர். ஒரு மணி நேரக் கூட்டத்தை, எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பதிவு செய்து, நீங்கள் பேசிய நிமிடங்களையும் குறுக்கிட்ட தடவைகளையும் எண்ணினால், 'நான் அதிகம் பேச மாட்டேன்' என்பது உண்மையா என்று அன்றே தெரிந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் சொந்தக் குரலே சகிக்காது. நம் குரலை நாம் மண்டை எலும்பு வழியாகவும் கேட்டுப் பழகியிருக்கிறோம். பதிவில் அந்தப் பங்கு இருக்காது. அதைத் தாண்டிக் கேளுங்கள்.

எதில் தொடங்குவது என்பது எது உறுத்துகிறது என்பதைப் பொறுத்தது. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை என்றால் நோட்டு. ஆட்களோடு உரசல் என்றால் ஐந்து பேரும் ஒட்டிய கவரும். காரணம் தெரியாத படபடப்பு என்றால் அலாரம் வைத்த டைரி. நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால் பத்தாம் நாள் நான்கும் நின்றுவிடும். நோட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும் என்பதால் அதை முதலில் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்து ஐந்து பேரிடம் போகலாம். அதே ஐந்து பேரிடம் அதே கேள்வியோடு மறுபடி போவதற்கு மூன்று மாதமாவது விட வேண்டும்; அதற்கு முன்னால் கேட்டால் போன தடவை சொன்னதையே மரியாதைக்காகச் சொல்வார்கள். டைரி எழுதத் தொடங்கி இரண்டு வாரத்தில் தூக்கம் கெடுகிறது, அதே பக்கங்களே மனதில் ஓடுகின்றன என்றால், எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரிடம் போங்கள். டைரியைக் கையோடு கொண்டுபோனால் அவருக்கும் பயன்படும்.